உப்புக் கரைசல் சோதனையில் குளோரின் குழாய் ஏன் நிறைவதில்லை?

பிளஸ் டூ மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பள்ளி ஆய்வகத்தில் சாப்பாட்டு உப்புக் கரைசலில் இரண்டு கார்பன் கம்பிகளை வைத்து, வாயு சேர ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழாயைக் கவிழ்த்து, மின்னாற்பகுப்பு செய்திருக்கிறார்கள், அதாவது மின்சாரத்தால் கரைசலைப் பிரித்திருக்கிறார்கள். பேட்டரியின் எதிர் முனையோடு இணைந்த கம்பி எதிர்மின்வாய், நேர் முனையோடு இணைந்தது நேர்மின்வாய். ஹைட்ரஜனும் குளோரினும் சம கன அளவில் வரும் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் எதிர்மின்வாய்க் குழாயில் வாயு முக்கால்வாசி சேர்ந்தபோது நேர்மின்வாய்க் குழாயில் விரல்நக அளவுக்குக்கூட சேரவில்லை. அடுத்த வகுப்பில் சோடியம் சல்பேட் கரைசல். அங்கே ஹைட்ரஜனில் பாதியாவது வர வேண்டிய ஆக்சிஜன் அதைவிடக் குறைவாக வந்தது. பீக்கரின் அடியில் கறுப்புத் தூள் வேறு. ‘புத்தகத்தில் இருக்கிறபடி ரெக்கார்டில் எழுதிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டார்களாம். கூடவே இன்னொரு சந்தேகம்: திட்ட மின்னழுத்த அட்டவணையில், அதாவது எந்த வினைக்கு எத்தனை வோல்ட் என்று காட்டும் பட்டியலில், ஆக்சிஜனுக்கு 1.23 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட். அப்படியானால் ஆக்சிஜன்தானே முந்தி வர வேண்டும்?

உங்கள் சோதனையில் பிழை எதுவும் இல்லை. அந்த பீக்கரில் என்ன நடக்க வேண்டுமோ அதுதான் நடந்திருக்கிறது. பாடத்தில் இருப்பது மின்வாயில் என்ன உண்டாகிறது என்ற கணக்கு. நீங்கள் அளந்தது குழாயில் என்ன மிஞ்சியது என்பதை. இந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது, மின்வாய் எதனால் ஆனது என்பதும் இருக்கிறது. பெரும்பாலான குழப்பங்கள் இந்த இரண்டை மறந்துவிடுவதால் வருபவை.

முதலில் எதிர்மின்வாய். கரைசலில் சோடியம் அயனிகள் ஏராளம். அவைதான் எதிர்மின்வாயை நோக்கி நகர்கின்றன. ஆனால் அங்கே எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது சோடியம் அல்ல, தண்ணீர். சோடியம் அயனி உலோகமாக மாற மைனஸ் 2.71 வோல்ட் வேண்டும். நடுநிலைக் கரைசலில் தண்ணீர் ஹைட்ரஜனாக ஒடுங்க மைனஸ் 0.41 வோல்ட் போதும். இடைவெளி இரண்டு வோல்ட்டுக்கு மேல். இவ்வளவு பெரிய இடைவெளியை சாதாரண மின்வாய் எதனாலும் தாண்ட முடியாது. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் இரண்டு எலெக்ட்ரான்களை வாங்கி, ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறையும் இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளையும் தருகின்றன. ‘ஹைட்ரஜன் அயனி மின்னிறக்கம் அடைகிறது’ என்று சில புத்தகங்கள் எழுதும். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் நடுநிலைக் கரைசலில் ஹைட்ரஜன் அயனி ஒரு லிட்டருக்கு ஒரு கோடியில் ஒரு பங்கு மோல்தான் இருக்கிறது. அத்தனை குமிழிகளுக்கு அது எங்கே போதும்? தண்ணீரே நேரடியாக எலெக்ட்ரானை வாங்குகிறது என்று புரிந்துகொள்வதுதான் சரி.

ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இதை 1807-லேயே பார்த்துவிட்டார். பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் பெரிய பேட்டரியை இணைத்துப் பார்த்தார். தண்ணீர்தான் பிரிந்தது, உலோகம் வரவில்லை. பிறகு கரைசலை விட்டுவிட்டு, லேசாக ஈரம் பட்ட திடப் பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தினார். அது உருகி, பொட்டாசியம் பளபளக்கும் சிறு உருண்டைகளாக வெளிவந்தது. சில நாட்களில் சோடியமும் கிடைத்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பாதரசத்தை எதிர்மின்வாயாக வைத்தால் உப்புக் கரைசலிலிருந்தே சோடியம் வெளியேறி பாதரசத்தில் கரைந்து ரசக்கலவையாகிவிடும். பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் உண்டாவது மிக மிக மெதுவாக நடக்கும், சோடியமோ பாதரசத்தோடு சேர்வதால் எளிதில் உள்ளே போய்விடும். காஸ்ட்னர்–கெல்னர் முறை என்ற பெயரில் 1890-களிலிருந்து உலகெங்கும் காஸ்டிக் சோடா இப்படித்தான் பெருமளவில் தயாரானது. பாதரசம் நஞ்சு என்பதால் இப்போது அந்த முறையைக் கைவிட்டு வருகிறார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: மின்வாயை மாற்றினால் விளைபொருளே மாறிவிடும். அட்டவணையில் அந்தச் செய்தி கிடையாது.

சரி, இப்போது நேர்மின்வாய். உங்கள் உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது.

அட்டவணைப்படி ஆக்சிஜன்தான் முந்த வேண்டும் என்கிறீர்கள். உண்மையில் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம். 1.23 வோல்ட் என்பது ஒரு மோலார் அமிலத்தில் உள்ள மதிப்பு. பி.எச். 7 உள்ள, அதாவது நடுநிலையான கரைசலில் அது 0.82 வோல்ட்டாகக் குறைந்துவிடும். குளோரினின் 1.36 வோல்ட்டுக்கும் பி.எச்.சுக்கும் தொடர்பில்லை. ஆக, ஆக்சிஜனுக்கு அரை வோல்ட்டுக்கு மேல் சாதகம். அப்படி இருந்தும் குளோரின் வருகிறது.

காரணம் வேகம். திட்ட மின்னழுத்தம் ஒரு வினை நடக்கலாமா கூடாதா என்று சொல்லும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லாது. குளோரைடு குளோரினாவது எளிய வேலை: இரண்டு அயனிகள் ஆளுக்கு ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒன்றாகச் சேர்ந்தால் போதும். தண்ணீர் ஆக்சிஜனாவது அப்படியல்ல. நான்கு எலெக்ட்ரான்கள் போக வேண்டும், ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுபட வேண்டும், இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவில் புதுப் பிணைப்பு உண்டாக வேண்டும். ஒவ்வொரு படியும் தடங்கல்தான். கார்பன் மேல் இது ஓரளவு வேகத்தில் நடக்க, கணக்குப்படி வேண்டியதைவிட அரை வோல்ட்டுக்குக் குறையாமல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கூடுதலுக்குத்தான் மிகை மின்னழுத்தம் என்று பெயர். குளோரினுக்கு அது மிகக் குறைவு. அதனால் ஆக்சிஜனின் சாதகம் கரைந்துபோகிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நேர்மின்வாயில் கொஞ்சம் ஆக்சிஜன் வந்தாலே அங்கே ஹைட்ரஜன் அயனிகள் உண்டாகும். குளோரின் தண்ணீரோடு வினைபுரிந்தாலும் அமிலம்தான் பிறக்கும். அதனால் அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள கரைசல் சீக்கிரமே அமிலமாகி, ஆக்சிஜனுக்கு வேண்டிய மின்னழுத்தம் 0.82-லிருந்து மேலே ஏறத் தொடங்கும். இடைவெளி தானாகவே சுருங்கும்.

அடர்த்தி எங்கே வருகிறது? ‘அடர் கரைசலில் குளோரின், நீர்த்த கரைசலில் ஆக்சிஜன்’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும், அதாவது லிட்டருக்கு ஐந்து மோலுக்கு மேல். அந்த நிலையில் குளோரினுக்கு 1.32 வோல்ட் அளவில் போதும். லிட்டருக்கு நூறில் ஒரு பங்கு மோல் மட்டும் இருந்தால் 1.48 வோல்ட் ஆகும். வித்தியாசம் சிறியதுதான். அதைவிட முக்கியமானது, நீர்த்த கரைசலில் கம்பியின் பக்கத்தில் உள்ள குளோரைடு உடனே தீர்ந்துபோகும், புதியது வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியில் மின்னோட்டத்தைத் தாங்க தண்ணீர்தான் வர வேண்டும். அடர், நீர்த்த என்ற இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல எல்லை எதுவும் கிடையாது. நடுத்தர அடர்த்தியில் இரண்டு வாயுக்களும் கலந்து வரும்.

எதிர்மின்வாயிலும் இதே கதை நடக்கும் என்பதற்கு ஜிங்க் சல்பேட் நல்ல சாட்சி. துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76 வோல்ட், நடுநிலைத் தண்ணீருக்கு மைனஸ் 0.41. அட்டவணையை மட்டும் நம்பினால் ஹைட்ரஜன்தான் வர வேண்டும். ஆனால் கம்பியில் சாம்பல் நிறத்தில் துத்தநாகம் படியும். துத்தநாகத்தின் மேல் ஹைட்ரஜன் உண்டாவது அவ்வளவு மந்தம். துத்தநாக ஆலைகளே இதை நம்பித்தான் ஓடுகின்றன.

இனி காணாமல்போன குளோரினுக்கு வருவோம். 0.2 ஆம்பியர் மின்னோட்டம் பத்து நிமிடம் ஓடினால் 120 கூலூம். அதை ஃபாரடே மாறிலியால், அதாவது ஒரு மோல் எலெக்ட்ரானின் மின்னூட்டமான 96,485-ஆல் வகுத்தால் எலெக்ட்ரான் 0.00124 மோல். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான் வீதம் ஹைட்ரஜன் 0.00062 மோல், நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 15 மில்லி. குளோரினும் அதே 15 மில்லி உண்டாகியிருக்கும். ஆனால் 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் தோராயமாக 2.3 லிட்டர் குளோரினை விழுங்கிவிடும். ஹைட்ரஜனோ லிட்டருக்கு வெறும் 18 மில்லிதான் கரையும். உப்புத் தண்ணீரில் குளோரின் கரைவது இதைவிடக் குறைவு என்றாலும், ஒரு பீக்கர் கரைசலுக்கு 15 மில்லி ஒரு பொருட்டே அல்ல.

கரைவதோடு முடிந்துவிடவில்லை. பீக்கரில் இரண்டு கம்பிகளும் ஒரே கரைசலில் நிற்கின்றன. எதிர்மின்வாயில் பிறக்கும் ஹைட்ராக்சைடு கலந்து பரவி, கரைந்த குளோரினைச் சந்திக்கும்போது சோடியம் ஹைப்போகுளோரைட்டாகிவிடும். கடையில் விற்கும் பிளீச்சிங் திரவம் அதுதான். சோதனை முடிந்ததும் பீக்கரிலிருந்து நீச்சல்குள வாசனை வந்திருக்குமே, கவனித்தீர்களா?

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. கரைசலில் காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் ஃபினாஃப்தலீன் நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டு, பீக்கருக்குப் பின்னால் வெள்ளைத் தாளை நிறுத்தி வைத்து மின்சாரத்தைக் கொடுங்கள். எதிர்மின்வாயைச் சுற்றி இளஞ்சிவப்பு புகைபோலக் கிளம்பி, குமிழிகளோடு மேலேறி, மேற்பரப்பில் பரவி நேர்மின்வாய்ப் பக்கம் போகும். அங்கே நெருங்கியதும் நிறம் காணாமல் போகும். அமிலம் பாதிக் காரணம், குளோரின் சாயத்தையே வெளுத்துவிடுவது மீதிக் காரணம். நீல லிட்மஸ் தாளை நனைத்து நேர்மின்வாய்க்கு மேலே பிடித்தால் முதலில் சிவப்பாகும், பிறகு வெள்ளையாகும். பல ரெக்கார்டுகளில் ‘வெளுக்கும்’ என்று மட்டும் இருக்கும். நடுவில் வரும் அந்தச் சிவப்பைப் பார்த்து எழுதியவரை நான் நம்புவேன்.

சம அளவுக்கு அருகிலாவது வர வேண்டுமென்றால் பீக்கரை விட்டுவிட்டு யு-குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கம்பி இருந்தால் ஹைட்ராக்சைடும் குளோரினும் எளிதில் சந்திக்காது. கரைசல் நிறைவுற்றதாக இருக்கட்டும். வாயுவைச் சேகரிக்காமல் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் நேர்மின்வாய்ப் பக்கக் கரைசல் குளோரினை வேண்டிய மட்டும் குடித்துவிடும். அதற்குப் பிறகு சேகரிக்க ஆரம்பியுங்கள். அப்போதும் குளோரின் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் நகத்தளவு என்ற நிலை மாறிவிடும். இந்த முன்னோட்டத்தின்போது குளோரின் வெளியே வரும் என்பதால் ஜன்னல் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

சோடியம் சல்பேட்டில் ஆக்சிஜன் குறைந்ததற்குக் கரைதல் ஓரளவுதான் காரணம். ஆக்சிஜன் ஒரு லிட்டருக்கு 30 மில்லி அளவில் கரையும், உங்கள் பீக்கரில் ஒன்றிரண்டு மில்லி அப்படிப் போயிருக்கலாம். முக்கியமான குற்றவாளி கம்பியேதான். நேர்மின்வாயில் பிறக்கும் ஆக்சிஜன் கார்பனையே தாக்கி, ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. அந்த வாயு ஏறக்குறைய தன் கன அளவுக்குச் சமமான தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதனால் குழாயில் அதுவும் முழுதாகச் சேராது. கம்பி இப்படி அரிபட்டு உதிர்ந்ததுதான் அடியில் படிந்த கறுப்புத் தூள். பேனாக் கத்தியால் செதுக்கிய பென்சிலின் லெட்டை வைத்துச் செய்தால் இது இன்னும் மோசமாக இருக்கும், ஏனென்றால் அதில் கிராஃபைட்டோடு களிமண்ணும் கலந்திருக்கிறது. பிளாட்டினம் மின்வாய் இருந்தால் இரண்டுக்கு ஒன்று அழகாக வரும். எந்தப் பள்ளிக்கூடத்தில் பிளாட்டினம் தருவார்கள் என்பது வேறு விஷயம். அலுமினிய ஆலைகளில் இதே அரிப்பை வினையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: அங்கே கார்பன் நேர்மின்வாய் எரிந்து தீர்வதற்கென்றே வைக்கப்படுகிறது.

சல்பேட் ஏன் மின்னிறக்கம் அடையவில்லை என்று யாராவது வாய்மொழித் தேர்வில் கேட்டால், அது பெர்சல்பேட்டாக மாற 2.01 வோல்ட் வேண்டும், தண்ணீர் அதற்கு முன்பே வழிவிட்டுவிடும் என்று சொல்லுங்கள். சோடியமும் நிற்கிறது, சல்பேட்டும் நிற்கிறது, பிரிவது தண்ணீர் மட்டும்தான். இதை நிரூபிக்க புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைச் சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். நேர்மின்வாயில் மஞ்சள், எதிர்மின்வாயில் நீலம், நடுவில் பச்சை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் கம்பியால் கலக்கினால் முழுவதும் பழையபடி பச்சைக்குத் திரும்பும், அமிலமும் காரமும் சம அளவு என்பதால். உப்புக் கரைசலில் இப்படித் திரும்பாது. அங்கே குளோரினில் ஒரு பகுதி காற்றில் போய்விட்டது, அதனால் காரம் மிஞ்சும். நிறங்காட்டியும் வெளுத்துப்போயிருக்கும்.

காப்பர் சல்பேட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த சோதனை அதுவாகத்தான் இருக்கும். கார்பன் கம்பிகள் என்றால் எதிர்மின்வாயில் செம்பு படியும், நேர்மின்வாயில் ஆக்சிஜன் வரும், நீலம் மெல்ல வெளிறும், கரைசலில் கந்தக அமிலம் சேரும். செம்புத் தகடுகள் என்றால் நேர்மின்வாய்த் தகடே கரையும், நீலம் மாறாது. ஓடிய மின்சாரத்துக்கு ஏற்ற அளவு பொருள் படியும் என்ற ஃபாரடே விதியைச் சரிபார்க்க எடை போடப் போகிறீர்கள் என்றால் 0.2 ஆம்பியரில் பத்து நிமிடம் போதாது. 0.04 கிராம்தான் படியும், சாதாரணத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. அரை ஆம்பியரில் அரை மணி நேரம் விட்டால் 0.3 கிராம் அளவில் கிடைக்கும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் செம்பு தூளாகப் படிந்து, கழுவும்போதே உதிர்ந்துவிடும். உலர்த்தவும் தீயில் காட்டாதீர்கள், செம்பு கறுத்து எடை கூடும். அசிட்டோனில் முக்கி எடுத்துக் காற்றில் ஆறவிட்டால் போதும்.

உப்பின் தரமும் விளையாடும். கல்லுப்பைக் கரைத்துச் செய்தால் எதிர்மின்வாயைச் சுற்றி வெள்ளையாகத் திரிந்ததுபோல ஒன்று மிதக்கும். அது கடலிலிருந்து வந்த மெக்னீசியம், ஹைட்ராக்சைடைக் கண்டதும் படிகிறது. மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் இருப்பதுபோன்ற காஸ்டிக் சோடா ஆலைகளில் உப்புக் கரைசலைச் சுத்திகரிப்பது தனி வேலை. இன்றைய முறையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு மென்படலம் இருக்கும். சோடியம் அயனியை மட்டும் விடும், குளோரினையும் காரத்தையும் சந்திக்கவிடாது. மெக்னீசியமும் கால்சியமும் அந்தப் படலத்தை அடைத்துக் கெடுத்துவிடும். நேர்மின்வாயும் அங்கே கார்பன் அல்ல, ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட டைட்டானிய மின்வாய்களில் நிறைய வேலை செய்திருக்கிறது. உங்கள் பீக்கரில் நடக்கிற இரண்டு கோளாறுகளுக்கும், அதாவது கலப்புக்கும் கம்பி அரிப்புக்கும், ஆலைகள் கண்ட விடைகள் இவை.

மின்சாரம் எவ்வளவு கொடுப்பது? உப்புக் கரைசலுக்குத் திட்ட மதிப்புகளின்படியே (குளோரினுக்கு 1.36, எதிர்மின்வாயைச் சுற்றி காரம் சேர்வதால் தண்ணீருக்கு மைனஸ் 0.83) 2.19 வோல்ட் தேவை, அதற்கு மேல் மிகை மின்னழுத்தமும் கரைசலின் தடையும் சேரும். ஒரே ஒரு டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் எதுவும் நடக்காதது அதனால்தான். ஆறு வோல்ட் நேர்மின்னோட்ட அடாப்டர் வசதியானது. 9 வோல்ட் சதுர பேட்டரி ஆரம்பத்தில் நன்றாக இருக்கும், சீக்கிரம் தளர்ந்துவிடும். வீட்டு மின்சாரத்தை எந்தக் காரணம் கொண்டும் நேரடியாகத் தொடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

கம்பியைப் பிடிக்கும் முதலை கிளிப் கரைசலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் அதுவே கரைந்து பச்சையும் பழுப்புமாகச் சேறு கட்டும். கார்பன் கம்பி கிடைக்கவில்லை என்று எவர்சில்வர் ஸ்பூனை நேர்மின்வாயாக வைக்கும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எவர்சில்வரில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. கரைசல் மஞ்சளானால் அது குளோரின் என்று நினைப்பீர்கள், புற்றுநோய் வரவழைக்கும் குரோமேட்டாகவும் இருக்கலாம்.

சிறிய வகுப்புகளுக்குச் செய்து காட்ட வேண்டுமென்றால் சாப்பாட்டு உப்பைவிடப் பொட்டாசியம் அயோடைடையே நான் தேர்ந்தெடுப்பேன். அயோடினுக்கு 0.54 வோல்ட் போதும், அதனால் ஆக்சிஜனோடு சண்டையே இல்லை. மூச்சை முட்டும் வாயுவும் வராது. ஒரு பெட்ரி தட்டில் கரைசலை ஊற்றி, ஃபினாஃப்தலீனும் சோறு வடித்த கஞ்சியும் சில சொட்டுகள் சேர்த்து மின்சாரம் கொடுத்தால் ஒரு முனையில் இளஞ்சிவப்பு, மறுமுனையில் கருநீலம். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

ரெக்கார்டில் என்ன எழுதுவது என்பதற்கு என் யோசனை: ‘கிடைத்த கன அளவு’ என்று நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். கீழே ‘குளோரின் நீரில் கரைந்ததாலும் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்ததாலும் குறைவு’ என்று ஒரு வரி சேருங்கள். சல்பேட் சோதனைக்கு ‘கார்பன் மின்வாய் ஆக்சிஜனேற்றம் அடைந்ததால் குறைவு’. விவரம் தெரிந்த எந்தத் தேர்வாளரும் இதற்கு மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

கடைசியாக, மிஞ்சிய உப்புக் கரைசலை எப்படிக் கொட்டுவது. அதில் ஹைப்போகுளோரைட்டு இருப்பதால் அமிலம் இருக்கும் கழிவு ஜாடியில் ஊற்றவே கூடாது, ஊற்றினால் குளோரின் பொங்கி வரும். கொஞ்சம் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சேர்த்து, வாசனை போனதும் நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றிவிடலாம்.